பெருக்கல் குறி அணைந்த பிறகு

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

இன்று காலை கண் விழித்ததும் முதல் வேலையாக, நீ இருக்கும் ஊருக்குக் காரில் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று போனில் பார்த்தேன். நான்கு மணி இருபது நிமிடம். நேற்று நான்கு மணி ஐந்து நிமிடம் காட்டியது. மூன்று வாரமாகத் தினமும் இதைத்தான் முதலில் பார்க்கிறேன். பார்த்துவிட்டுப் பல் தேய்க்கப் போகிறேன். கிளம்புவதில்லை.

நீ போனை எடுப்பதில்லை. அனுப்பும் செய்தியைப் படிக்கிறாய், பதில் போடுவதில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடைசியாக எப்போது கடிதம் எழுதினேன் என்று நினைவில்லை. என் எழுத்தைப் பார்த்து, "கோழி கிளறின மாதிரி இருக்கு" என்று பள்ளிக்கூட நாளிலிருந்து கேலி செய்பவன் நீ. இப்போதும் சிரித்தால் சந்தோஷம்.

கால் எப்படி இருக்கிறது? இரவில் வலி குறைந்திருக்கிறதா? ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று உன்னிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. உன் மனைவி கதவருகே நின்றுகொண்டு, "அவர் தூங்குறார்க்கா, அப்புறம் வாங்க" என்றாள். அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். கண் மூடியிருந்தாய். நல்ல காலின் கட்டைவிரல் மட்டும் போர்வைக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்தது. தூங்குகிறவன் விரலை ஆட்டமாட்டான். நான் வாங்கி வந்த பழங்களை வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

அலுவலக விஷயம் ஒன்று இருக்கிறது. உன் விபத்தை விசாரிக்கும் குழுவின் வரைவு அறிக்கை வந்திருக்கிறது. "சிவப்புக் குறி அணையும் நேரத்தை அறிந்திருந்தும் மீட்பு வாகன ஓட்டுநர் கூடுதல் நேரம் கோரவில்லை" என்று ஒரு வரி. ஆஸ்பத்திரியில் நீயே அப்படிச் சொன்னதாகப் போட்டிருக்கிறார்கள். இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். அதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் உன் ஓட்டுநர் அட்டையை ஆறு மாதம் நிறுத்திவைப்பார்கள், அவ்வளவுதான். எதிர்த்தால் இழுத்துக்கொண்டே போகும், கடைசியில் அட்டையே போனாலும் போகும் என்கிறார்கள். இருபத்தெட்டாம் தேதி கடைசி அமர்வு. அதில் சிமுலேஷன் பற்றி நான் விளக்கம் தர வேண்டும்.

யோசித்துக் கையெழுத்துப் போடு. இது சீக்கிரம் முடிவது எல்லோருக்கும் நல்லது.

எல்லோருக்கும் என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தலாம்தான். அப்படியே விடுகிறேன்.

உன்
அக்கா


மார்ச் 9

அக்கா,

உன் லெட்டரை முதல்ல பாத்தது என் மாமியார். "யாரோ டாக்டர் எழுதின சீட்டு மாதிரி இருக்கு மாப்பிள்ளை, மருந்துக் கடையில குடுத்துப் படிச்சுட்டு வரச் சொல்லவா?"ன்னு கேட்டாங்க. சிரிச்சேன். சிரிச்சா கால் வலிக்குது, அதையும் சேத்துக்கோ.

உன்னை மாதிரி எனக்கு எழுத வராது. பேசுற மாதிரிதான் எழுதுவேன்.

கால்ல வெளிப்பக்கமா கம்பி கட்டி எட்டு போல்ட் போட்டிருக்காங்க. என் வண்டியோட பின்பக்கத்துலகூட இத்தனை போல்ட் கிடையாது. நடப்பேன்னு டாக்டர் சொல்றார். கிளட்ச் மிதிப்பேனான்னு கேட்டா பேச்சை மாத்துறார். மாமியார் வீட்டுல ராஜ உபசாரம். ஜன்னல் பக்கம் கட்டில் போட்டுக் குடுத்திருக்காங்க. தினமும் காலையில தெருமுனையில ஒரு ஸ்கூல் பஸ் திரும்ப முடியாம மாட்டிக்கும். நான் படுத்த இடத்துல இருந்தே, "ஒடி, ஒடி, இப்ப நேரா விடு"ன்னு கத்துறேன். அந்த டிரைவர் இப்பல்லாம் என் ஜன்னலைப் பாத்துட்டுத்தான் ஸ்டியரிங்கைத் தொடுறார். பதினாறு வருஷ சர்வீஸ் இதுக்காவது ஆகுதே.

ஃபாரத்தை நாலு தடவை படிச்சேன். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், நேரா பதில் சொல்லு.

அன்னைக்கு அச்சு முறிஞ்ச வேனுக்கு அடியில படுத்து பெல்ட் மாட்டிட்டிருந்தேன். மேல போர்டுல என் லேனுக்கு சிவப்புப் பெருக்கல் குறி எரிஞ்சிட்டிருந்துச்சு. அது எரியுற வரைக்கும் அந்த லேன்ல வண்டி வரக்கூடாது, எங்களுக்கு அது சுவர் மாதிரி. அதை நம்பித்தான் முதுகைக் காட்டிக்கிட்டு ரோட்டுல படுக்குறோம். அடுத்த தடவை நிமிர்ந்து பாத்தப்ப குறி இல்ல. பச்சை அம்பு. முதல்ல அம்பைப் பாத்தேன், அப்புறம் சரக்கு லாரியைப் பாத்தேன். அவன் பிரேக் போட்டான் பாவம், பின்பக்கம் சுத்தி வந்து என் காலை என் வண்டியோடயே வச்சு நசுக்கிடுச்சு.

குறியை அணைச்சது யாரு? கண்ட்ரோல் ரூம்ல வயர்லெஸ் பாக்குற நம்ம மைனா போன் பண்ணி அழுதா. வாய் ஓயாம பேசுறவ, அன்னைக்கு ஒரே வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னா. "நான் தொடவே இல்லண்ணா, யாருமே தொடல"ன்னா.

யாரும் தொடாம எப்படி அணையும்?

தம்பி


மார்ச் 13

அன்புள்ள தம்பிக்கு,

நேராகக் கேட்டிருக்கிறாய். நேராகச் சொல்லப் பார்க்கிறேன்.

மைனா சொன்னது உண்மை. குறியை அணைத்தது நான் செய்த நிரல்.

நீ "பொம்மை ரோடு" என்று கேலி செய்வாயே, அந்தச் சிமுலேஷன்தான். நம் சுற்றுச்சாலை அறுபத்துநான்கு கிலோமீட்டரும் கணினிக்குள் அப்படியே இருக்கிறது. எங்காவது ஒரு வண்டி மோதினாலோ பழுதாகி நின்றாலோ, எந்த லேனை மூடலாம், எத்தனை நிமிடம் மூடலாம், எந்தச் சிக்னலை நீட்டலாம் என்று இருநூறு விதமாக அதற்குள் ஓட்டிப் பார்த்து, நெரிசல் குறைவாக வருவதைத் தேர்ந்தெடுக்கும். ஆனால் அப்படி ஓட்டிப் பார்க்க, நின்ற வண்டியை அகற்ற எவ்வளவு நேரமாகும் என்று முதலில் தெரிய வேண்டும். அதைச் சொல்வது இன்னொரு பகுதி. ஒன்பது வருடக் கண்ட்ரோல் ரூம் பதிவேட்டை அதற்குப் படிக்கக் கொடுத்தோம். முப்பத்தோராயிரம் சம்பவங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு முடிந்தது. அதிலிருந்து அதுவாகக் கற்றுக்கொண்டது. மெஷின் லேர்னிங் என்று நான் பெருமையாகச் சொல்லித் திரிந்தது இதைத்தான்.

உன் வேனுக்கு அது சொன்ன நேரம் இருபத்தாறு நிமிடம். நேரம் முடிந்ததும், "லேனைத் திறக்கலாமா?" என்று மைனாவின் திரையில் கேட்கும். தொண்ணூறு நொடிக்குள் அவள் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் தானாகத் திறந்துவிடும். மௌனம் சம்மதம் என்று வைத்திருந்தோம். அந்தத் தொண்ணூறு நொடியும் அவள் மேம்பாலத்தில் மோதிக்கொண்ட மூன்று வண்டிகளுக்கு ஆம்புலன்ஸ் அனுப்பிக்கொண்டிருந்தாள். அவள் மேல் எந்தத் தவறும் இல்லை. இதை நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பதிவேட்டில் இருந்த முடிவு நேரங்களில் ஒரு பிழை இருந்திருக்கிறது. உண்மையில் வேலை முடிவதற்குச் சில நிமிடங்கள் முன்பாகவே முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறது. அதனால் கணிப்பும் குறைவாக வந்துவிட்டது. இயக்குநரிடம் முன்பே எடுத்துச் சொன்னேன். அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றுவிட்டார். என்னால் முடிந்ததை நான் செய்தேன்.

இப்போதைக்குத் தானாகத் திறப்பதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை முடிந்ததும், ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து மறுபடியும் ஓடும்.

உன் மாமியாரிடம் நான் விசாரித்ததாகச் சொல். ஜன்னலிலிருந்து ரொம்பக் கத்தாதே, தெருவில் பெயர் கெட்டுவிடும்.

உன்
அக்கா


மார்ச் 17

அக்கா,

"பிழை இருந்திருக்கிறது"ன்னு எழுதியிருக்கே. ஏதோ மழை பெஞ்சிருக்குன்னு சொல்ற மாதிரி. அந்தப் பிழையை உனக்கு யார் சொன்னது?

மூணு வருஷம் முன்னாடி உன் வீட்டுக்கு சாப்பிட வந்தேன். நீ பாத்திரம் கழுவுனே, நான் துடைச்சேன். அப்ப பேச்சுவாக்குல சொன்னேன். "உங்க ஆளுங்க இருக்காங்களே, நாங்க கொக்கி மாட்டினதும் 'முடிந்தது' பட்டனை அமுக்கிடுவாங்க. நாங்க அப்புறம்தான் தூக்கணும், பெல்ட் கட்டணும், உடைஞ்ச கண்ணாடியைக் கூட்டணும், ரோட்டுல வச்ச கூம்பையெல்லாம் பொறுக்கணும்"னேன். நீ ஈரக்கையைத் துடைச்சுக்கிட்டு ஓடிப் போய் ஒரு நீல நோட்டை எடுத்துட்டு வந்து, "மறுபடி சொல்லு, மெதுவா சொல்லு"ன்னே. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா? பத்தாவது ஃபெயிலானவன் சொல்றதை எங்கக்கா நோட்டுல எழுதுறான்னு.

அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. சுவத்துல போர்டு வச்சு, எந்த ஷிஃப்ட் எவ்வளவு சீக்கிரம் முடிச்சுதுன்னு சிவப்பும் பச்சையுமா போட்டா யார்தான் அமுக்கமாட்டாங்க? அப்பல்லாம் அந்தப் பட்டனால யாருக்கும் நஷ்டமில்ல. அது ரெக்கார்டுக்கு. பெருக்கல் குறியை கேமராவுல எங்களைக் கண்ணால பாத்துத்தான் அணைப்பாங்க. நாங்க கையைக் காட்டுவோம், மைனா, "கிளம்புங்க மகராசனுங்களா"ன்னு சொல்லிட்டு அணைப்பா. பட்டனையும் குறியையும் முடிச்சுப் போட்டது உன் பெட்டிதான்.

இப்ப நான் ஒண்ணு சொல்லணும். இதைச் சொல்லத்தான் ரெண்டு நாளா பேப்பரைக் கிழிச்சுப் போட்டுட்டிருக்கேன்.

ஆஸ்பத்திரிக்கு விசாரணைக் குழுவுல இருந்து ரெண்டு பேர் ஃபைலோட வந்தாங்க. "குறி இத்தனை நிமிஷத்துல தானா அணையும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"ன்னு கேட்டாங்க. தெரியாது அக்கா. எங்க டிப்போவுல ஒருத்தனுக்கும் தெரியாது. ஒரு பேப்பர்கூட ஒட்டல. ஆனா தெரியாதுன்னா அடுத்த கேள்வி என்ன? ஏன் சொல்லலை, நேரம் எப்படிக் குறைஞ்சுது, யாருக்குத் தெரியும். உன் மூஞ்சி வந்து நின்னுச்சு. போன லெட்டர்ல யாருன்னு கேட்டதுகூட உன் வாயால வரட்டும்னுதான். தெரியும்னுட்டேன். "தெரியும் சார், ஏமாந்துட்டேன்"னு சொன்னேன். அவர் எழுதிக்கிட்டார். அப்புறம் அரைமணி நேரத்துல நீ பழத்தோட வந்து நிக்குறே. கோவத்துல கண்ணை மூடலை. பொய் சொன்ன வாயோட உன் மூஞ்சியை எப்படிப் பாக்குறது?

அதோட முடிஞ்சிருந்தா பரவாயில்ல. நேத்து சங்கிலி போன் பண்ணினான். பன்னெண்டு வருஷமா என்கூட ரெக்கவரி வண்டி ஓட்டுறானே, அவன்தான். எப்பவும் போல, "என்னடா நொண்டி மாப்பிள்ளை"ன்னு ஆரம்பிப்பான்னு பாத்தேன். ஆரம்பிக்கலை. "உனக்குத் தெரியும்னா எங்களுக்கும் தெரியும்னு எழுதிட்டாங்கடா. ஓட்டுநர்களுக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டதுன்னு ஒரு வரி. ஒண்ணாந்தேதிக்கு அப்புறம் நான் படுத்திருக்கும்போது குறி அணைஞ்சா அது என் தப்புடா. நல்லா இரு"ன்னு வச்சுட்டான். திருப்பிக் கூப்பிட்டா எடுக்கலை. நான் உன் போனை எடுக்காம இருந்தேன்ல, அது எப்படி இருக்கும்னு இப்பத் தெரியுது.

இயக்குநர் கேக்கலைன்னா நீ என்ன பண்ணுவே. நீ சண்டை போட்டிருப்பே, கத்தியிருப்பே. அது எனக்குத் தெரியும்.

தம்பி


மார்ச் 20

தம்பி,

நான் கத்தவில்லை.

இயக்குநரிடம் சொன்னதாக எழுதியது பொய். அவரிடம் சொல்லவே இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. போன கடிதத்தில் அந்த வரியை எழுதும்போது பேனா ஒரு நொடிகூட நிற்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு உடம்பு கூசுகிறது.

நடந்ததைச் சொல்கிறேன். நீ சொல்லிவிட்டுப் போன மறுநாள், கீழ்த்தளத்தில் பழைய கேமராப் பதிவுகள் இருக்கும் அறைக்குப் போனேன். ஒரே ஒரு நாற்காலி, ஒரே ஒரு திரை. ஆறு நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், நாற்பத்தொரு சம்பவங்களைப் பார்த்தேன். பட்டனை அமுக்கிய நேரம் ஒரு பக்கம், ரெக்கவரி வண்டி லேனை விட்டு வெளியேறிய நேரம் மறுபக்கம் என்று நீல நோட்டில் எழுதினேன். சிலவற்றில் நீ இருந்தாய். கூம்பை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித் தோளில் தூக்கிக்கொண்டு, கேமரா இருக்கிறது என்று தெரிந்து ஒரு தடவை அதைப் பார்த்துச் சலாம் போட்டாய். இரண்டு நேரங்களுக்கும் நடுவே சராசரியாகப் பதினொரு நிமிடம். இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். பதினொன்றுதான்.

அந்தப் பதினொரு நிமிடத்தைச் சேர்த்துச் சிமுலேஷனை ஓட்டினேன். இந்த முறையால் நெரிசல் இருபத்துமூன்று சதவீதம் குறையும் என்று அதற்கு முன்பே எல்லோரிடமும் வாய்விட்டிருந்தேன். இப்போது ஒன்பது வந்தது. பெரியவர்கள் முன்னால் செயல்விளக்கம் காட்ட இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பதினெட்டு வருடம் மற்றவர்களின் அறிக்கைக்குப் படம் வரைந்து கொடுத்தவள் நான். முதல் தடவையாக என் பெயர் போட்ட அழைப்பிதழ் அச்சாகியிருந்தது. நாற்பத்தொன்று என்பது சின்ன எண்ணிக்கை, அதை வைத்து முப்பத்தோராயிரத்தைத் திருத்துவது முறையாகாது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். படித்தவர்களுக்குக் காரணத்துக்குப் பஞ்சமில்லை. நோட்டை இழுப்பறையில் பழைய சார்ஜர்களுக்கு அடியில் போட்டு மூடினேன்.

செயல்விளக்கம் முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். "இந்தக் குழந்தைக்கு இவங்கதான் அம்மா" என்றார் இயக்குநர். குழந்தை இல்லாதவளிடம் அப்படிச் சொன்னோமே என்று அப்புறம் அவரே சங்கடப்பட்டார். எனக்குச் சங்கடமே இல்லை. பூரித்துப் போயிருந்தேன்.

இரண்டு வருடம் அது வெறும் ஆலோசனைதான் சொல்லிக்கொண்டிருந்தது. மைனாவும் மற்றவர்களும் திரையைப் பார்த்து முடிவு செய்தார்கள். போன டிசம்பரில்தான் மௌனம் சம்மதம் வந்தது. அந்தக் கூட்டத்தில் நான் இருந்தேன். "கணிப்பை எவ்வளவு நம்பலாம்?" என்று கேட்டார்கள். "தாராளமா நம்பலாம்" என்றேன். இழுப்பறை நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் நீ நம்புவாயா? வந்தது. வந்துவிட்டுப் போனது.

உனக்கு அடிபட்ட மறுநாள் அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, உன் சம்பவத்தைப் பொம்மைச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். அதே வேன், அதே லேன், அதே பத்து மணி நாற்பது. அதில் ரெக்கவரி வண்டி ஒரு மஞ்சள் செவ்வகம். இருபத்தாறாவது நிமிடம் அது மறைந்துவிடும். இழுத்துக்கொண்டு போவதுகூட இல்லை, அப்படியே மறைந்துவிடும். அடுத்த நொடி அந்த இடத்தின் மேல் வண்டிகள் வழுக்கிக்கொண்டு ஓடும். இருநூறு தடவை ஓட்டினேன். ஒரு தடவைகூட உனக்கு அடிபடவில்லை. ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. மனிதன் என்று ஒன்றை நான் அதில் போடவே இல்லை.

நீ கண்ணை மூடிப் படுத்திருந்ததை இத்தனை நாளும் உன் கோபம் என்று நினைத்து, அது எனக்கு நியாயமான தண்டனை என்று ஒருவிதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தேன். நீயோ எனக்காகப் பொய் சொல்லிவிட்டு வெட்கப்பட்டிருக்கிறாய். வெட்கப்பட வேண்டியவள் அந்தப் பொய்யை அறிக்கையில் படித்தாள். உனக்குத் தெரிந்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். அப்படியும் கையெழுத்துப் போடு என்று படிவத்தைத் தபாலில் அனுப்பினாள்.

அன்புள்ள என்று தொடங்கக் கை வரவில்லை. முடிக்கவும் தெரியவில்லை.

அக்கா


மார்ச் 23

அக்கா,

உன் லெட்டரைப் படிச்சுட்டு ராத்திரி முழுக்க கட்டில்லயே உக்காந்திருந்தேன். மாமியார் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிடவான்னு கேட்டாங்க. ஸ்கூல் பஸ் மாட்டிக்கிட்டப்பகூட கத்தலை. அந்த டிரைவர் இறங்கி வந்து ஜன்னல்ல எட்டிப் பாத்து, "உடம்புக்கு முடியலையா தலைவரே?"ன்னார்.

கோவம்னா சாதாரணக் கோவம் இல்ல. காலைக்கூட விடு. நான் சொன்னதை நீ எழுதி வச்சுக்கிட்டியே, எழுதிட்டு மூடி வச்சியே, அதுதான் ஆறலை. கேக்காமலே விட்டிருந்தா, இவனுக்கு என்ன தெரியும்னு நினைச்சுட்டான்னு விட்டிருப்பேன்.

ஆனா ஒண்ணு. அந்த நோட்டு உன்கிட்ட இருக்குன்னு யாருக்கும் தெரியாது. கொளுத்திடு. நடந்தது நடந்து போச்சு, என் கால் திரும்ப வராது. நீ போய்ச் சொன்னா உன் வேலை போகும், பேர் போகும். நானும் விசாரணையில பொய் சொன்னவன்னு ஆயிடுவேன். ரெண்டு பேர்ல ஒருத்தன் அவமானப்பட்டா போதாதா? நான் ஏற்கெனவே பட்டாச்சு, பழகிடுச்சு. கையெழுத்துப் போட்டு இதோட வச்சிருக்கேன். அதைக் குடுத்துடு. சங்கிலிகிட்ட நானே பேசிக்கிறேன். எப்படின்னு தெரியலை, பேசிக்கிறேன்.

உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே. அது வேற கணக்கு.

என் பொண்ணு ஸ்கூல்ல ஒரு கட்டுரை எழுதியிருக்கா. எங்கள் அத்தை சாலைகளுக்கு மூளை செய்தவர்னு. பதினேழு மார்க் குடுத்திருக்காங்க, இருபதுக்கு. உனக்கு அனுப்பணுமாம். நான் அனுப்பலை.

தம்பி


மார்ச் 26

அன்புள்ள தம்பிக்கு,

இன்று காலை எழுந்ததும் உன் ஊருக்கு எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. இழுப்பறையைத் திறந்து சார்ஜர்களை எடுத்துத் தரையில் போட்டு, நோட்டை வெளியே எடுத்தேன். அட்டையில் லேசாகப் பூஞ்சை. ஈரத்துணியால் துடைத்து மேஜைமேல் வைத்துவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்து காபி குடித்தேன். பக்கத்திலேயே நீ கையெழுத்துப் போட்ட படிவம். உன் கையெழுத்து எவ்வளவு திருத்தமாக இருக்கிறது. நீ சொல்வதுபோல, பத்தாவது ஃபெயில்.

கொளுத்தச் சொன்னாய். உண்மையைச் சொல்கிறேன், அடுப்படிவரைக்கும் போனேன். நீயே சொல்லிவிட்டாய், அனுமதி கிடைத்துவிட்டது என்று ஒரு மனம் குதித்தது. இந்தக் குதிப்பு எனக்குப் பழக்கமானது. டிசம்பர் கூட்டத்தில் குதித்ததும் இதுதான். அடுப்பைப் பற்றவைத்து, பாலைக் காய்ச்சிவிட்டு, நோட்டோடு திரும்பி வந்தேன்.

சங்கிலியை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். டிப்போவில் எனக்கு நாற்காலி துடைத்துப் போட்டு, "உக்காருங்கக்கா, உங்க தம்பி வாயைத் தவிர எல்லாத்தையும் நல்லா ஓட்டுவான்" என்றான். ஏப்ரல் ஒன்றாம் தேதி அவன் ஏதோ ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருப்பான். மேலே குறி எரிந்துகொண்டிருக்கும், பதினொரு நிமிடம் குறைவாக. வேறெங்காவது வண்டிகள் மோதி, மைனாவின் தொண்ணூறு நொடி போய்விடும். இதை ஓட்டிப் பார்க்க எனக்குச் சிமுலேஷன் தேவையில்லை.

ஒருவர் அவமானப்பட்டால் போதும் என்கிறாய். சரிதான். ஆனால் ஆளை மாற்றிப் போட்டிருக்கிறாய். நீ பொய் சொன்னது வெளியே வரும். அது ஏன் என்றும் கேட்பார்கள். அக்காவைக் காப்பாற்ற என்பது உன் வாயிலிருந்து வரட்டும், நான் சொல்லமாட்டேன். உனக்கு இது பிடிக்காது. போனில் சொல்லியிருந்தால் கத்தியிருப்பாய், கத்தினால் நான் அடங்கிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் தபால். இன்று பெட்டியில் போட்டால் உனக்கு இருபத்தொன்பதாம் தேதி கிடைக்கும். அமர்வு இருபத்தெட்டு, காலை பதினொரு மணி. இந்த ஒரு கணக்கில் மட்டும் பிசகு வரக்கூடாது என்று தபால் நிலையத்தில் இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டேன்.

உன் மகளின் கட்டுரையை எனக்கு அனுப்பாதே. கிழித்தும் போடாதே. ஒருநாள் நானே அவளிடம் சொல்வேன், மூன்று மார்க்கை எங்கே குறைத்திருக்க வேண்டும் என்று.

படிவத்தை நான் கொடுக்கப்போவதில்லை. நாளை மறுநாள் சிமுலேஷனை விளக்கக் கூப்பிடுவார்கள். திரையை ஏற்றச் சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீல நோட்டை எடுத்து வைக்கப் போகிறேன். இயக்குநருக்குத் தெரியாது, மைனாவுக்குத் தெரியாது. வீட்டுச் சுவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. முதல் பக்கத்தில், "பட்டனை முன்பே அமுக்குகிறார்கள், தம்பி சொன்னது" என்று மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி போட்டு எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே நாற்பத்தொரு வரிகள். நோட்டை வாங்கிப் புரட்டுவார்கள். கோழி கிளறின எழுத்து, அவர்களுக்கு ஒன்றும் புரியாது. திருப்பிக் கொடுப்பார்கள்.

எழுந்து நின்று நானே படிப்பேன்.

உன்
அக்கா